தென்கிழக்கு நோக்கிய தட்டுகள்

திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறிச் செல்பவர்கள் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கும்போது ஊரின் மொட்டைமாடிகள் கீழே விரிந்து கிடப்பதைக் காணலாம். தண்ணீர்த் தொட்டிகள், காயும் துணிகள், விசைத்தறிக் கூடங்களின் தகரக் கூரைகள் ஆகியவற்றுக்கிடையே சாம்பல் நிறத் தட்டுகள் இறைந்து கிடக்கும். அவற்றுள் பெரும்பாலானவை தென்கிழக்கை நோக்கி முகத்தை வானுக்கு மலர்த்தியிருக்கும். சில மட்டும் தெற்கை ஒட்டியும், வேறு சில ஏறக்குறையக் கிழக்கையே பார்த்தும் நிற்கும். வாஸ்து பார்த்து வீடு கட்டும் கொங்கு நாட்டில் தென்கிழக்கு அக்கினி மூலை. அடுப்படிக்கு உரிய இடம். தட்டுகள் அம்மூலையை நோக்குவதற்குக் காரணம் வேறு. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகைக்கு நேர்மேலே, நிலநடுக்கோட்டின் உச்சியில், ஒரு செயற்கைக்கோள் நிலை நிற்கிறது.

தமிழில் தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவோ, நெடுந்தொடர்களின் வரலாறாகவோ, அரசியலின் கிளைக்கதையாகவோதான் எழுதப்படுகிறது. கூரைமேல் நிற்கும் இந்தத் தட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. தட்டு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள், அதைத் திருப்பும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அவ்வரலாற்றைப் படிக்கலாம் என்று தோன்றுகிறது.

ஊருக்கு ஒன்று

1945ஆம் ஆண்டு அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கில இதழில் ஆர்தர் சி. கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால் அது பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் வலம்வரும். ஆகவே தரையிலிருந்து பார்ப்பவருக்கு வானில் அறைந்த ஆணிபோல அசையாமல் நிற்கும் என்பது அவர் கணக்கு. வீட்டுத் தட்டின் தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரு செய்தியின்மீதுதான் நிற்கிறது. கோள் நகர்ந்துகொண்டே இருந்தால் தட்டும் அதன் பின்னாலேயே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். அது நிற்பதால்தான் ஒருமுறை திசை பார்த்து நட்டுகளை முடுக்கிவிட்டு இறங்கிவிட முடிகிறது.

சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து இக்கணக்கு இந்தியச் சிற்றூர்களில் சோதிக்கப்பட்டது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏ.டி.எஸ்.-6 கோளைக் கடன் வாங்கி, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 'சைட்' என்னும் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையை நடத்தியது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 ஊர்களில் மூன்று மீட்டர் அகலமுள்ள ஆண்டெனாக்கள் நிறுத்தப்பட்டன. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையால் ஆனவை அவை. அந்த ஒளிபரப்பின் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். அத்தனை நீளமான அலைக்கு வலையின் சிறு துளைகள் துளைகளே ஆகா, தகடு போலவே தோன்றும். ஒரு பள்ளியின் முன்போ பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்போ ஊரே கூடி உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பார்த்தது.

அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. கர்நாடகத்தின் ராய்ச்சூர், குல்பர்கா மாவட்டங்களின் சிற்றூர்கள் வானிலிருந்து நேரடியாகப் படம் பெற்ற அதே மாதத்தில், 1975 ஆகஸ்ட் 15 அன்று, சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது. தரைக் கோபுரத்திலிருந்து கிளம்பிய அந்த அலைகள் சேலத்துச் சமவெளிக்கு வந்து சேரக்கூடியவை அல்ல.

ஊர்ப் பொதுவில் நின்ற இந்தத் தட்டிலிருந்துதான் வீட்டுத் தட்டின் கதையும் கிளைக்கிறது என்பது வியப்பான உண்மை. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த கிளார்க்கின் கொழும்பு இல்லத்தில் இந்தியப் பொறியாளர்கள் 1975இல் ஓர் ஆண்டெனாவை நிறுவிக் கொடுத்தார்கள். ஏ.டி.எஸ்.-6 அப்போது கிழக்கு ஆப்பிரிக்காவின் மேல், 35 பாகையில் நின்றது; ஆகவே அத்தட்டு மேற்கே பார்த்தது. இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் என்று ஒன்று அப்போது இல்லை, 1979இல்தான் வந்தது. ஒரு தீவின் தொலைக்காட்சி ஓர் எழுத்தாளர் வீட்டுத் தட்டில் தொடங்கியது என்றால் மிகையாகாது. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஸ்டீவ் பர்க்கில் என்னும் பொறியாளர் தம் வீட்டில் தாமே செய்த கருவிகளைக் கொண்டு இந்தியாவுக்காக அனுப்பப்பட்ட அதே அலைகளைப் பிடித்தார். பிரிட்டனில் வீட்டுத் தட்டில் முதன்முதலாக விழுந்த படங்கள் நம் உழவர்களுக்கென எடுக்கப்பட்டவை.

1976இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்டு தம் வீட்டில் ஒரு தட்டை நிறுவிக் கட்டணத் திரைப்பட அலைவரிசை ஒன்றைப் பார்த்தார். நேர்மையாளரான அவர் நூறு டாலருக்குக் காசோலை எழுதி அந்நிறுவனத்துக்கு அனுப்பினார். தாங்கள் தனி வீடுகளுக்கு விற்பதில்லை என்று அது திரும்பி வந்தது. தனி வீடு ஒன்று தானே வானத்தைப் பார்க்கக்கூடும் என்று அன்றைய வணிகம் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அந்தச் சிறிது காலத்தில் மட்டும் தட்டின் திசை முழுவதும் தட்டுக்காரரின் விருப்பமாக இருந்தது.

தெருவுக்கு ஒன்று

கொங்கு நாட்டுக்குத் தொலைக்காட்சி முதலில் வந்தது மீன்முள் ஆண்டெனாவில். கொடைக்கானல் மலைக் கோபுரத்தை நோக்கித் தெற்கே திருப்பிய உயரமான குழாய்க் கம்பங்களும், புள்ளி மழையைக் குறைக்க மாட்டிய பூஸ்டர்களும் பலருக்கு நினைவிருக்கும். காற்றடித்தால் ஆண்டெனா திரும்பிவிடும். ஒருவர் மாடியேறித் திருப்ப, இன்னொருவர் கூடத்திலிருந்து குரல் கொடுக்க வேண்டும். திசை பார்க்கும் வித்தையில் நம் மக்களுக்கு முதல் பயிற்சி அங்கேதான் கிடைத்தது.

1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஆசியாசாட்-1 கோள் 105.5 பாகையில் நின்றது. 1991இல் வளைகுடாப் போர்ச் செய்திகள் பெரு நகரங்களின் விடுதிகளில் தட்டு வழியே இறங்கின. அவ்வாண்டே ஸ்டார் தொலைக்காட்சி தொடங்கியது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் தொலைக்காட்சி வந்தது. இவையெல்லாம் சி பேண்ட் எனப்படும் அலைகள். நீளம் ஏழரை சென்டிமீட்டர் அளவு. அக்காலக் கோள்களின் ஆற்றல் குறைவு என்பதால் எட்டடி, பன்னிரண்டடி என்று பெரிய வலைத்தட்டுகள் வேண்டியிருந்தன. அத்தனை பெரிய தட்டைச் சாதாரண வீடு தாங்காது, விலையும் தாங்காது.

எனவே தெருவுக்கு ஒருவர் தட்டு வைத்தார். வீடியோ கேசட் போட்டுக் கம்பி வழியே படம் காட்டிக்கொண்டிருந்தவர்கள் பலர் கேபிள்காரர்களாக ஆனது இப்படித்தான். இழைக்கண்ணாடியிலும் கம்பிவலையிலும் தட்டுகள் நாடெங்கும் சிறு பட்டறைகளில் உருவாயின. லாரிக்கும் ஆழ்துளைக் கிணற்று எந்திரத்துக்கும் இரும்பு வளைத்துப் பற்றவைக்கும் திருச்செங்கோடு போன்ற ஊருக்குப் பரவளையச் சட்டம் ஒன்றும் பெரிய புதிர் அல்ல. ஒவ்வொரு கோளுக்கும் தனித்தட்டு வேண்டும் என்பதால் கேபிள்காரர் மாடி நாளடைவில் காளான் பூத்த வேலி போல ஆயிற்று. எந்தக் கோள் ஊருக்குத் தேவை என்பதை அவரே முடிவுசெய்தார்.

சட்டம் இதற்குப் பின்னால்தான் வந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு அரசு வானலையைத் தன் உடைமையாகக் கருதிவந்த நிலையில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கொன்றில் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

கம்பிக்கு ஓர் எல்லை உண்டு. கொங்கு நாட்டில் குடியானவர்கள் பலர் ஊருக்குள் வாழ்வதில்லை. தத்தம் தோட்டத்திலேயே, காட்டுக்கொட்டாயிலேயே வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு கிணறு, இரண்டு வயல், ஒரு இட்டேரி கிடக்கும். பத்து வீடு இருக்கும் தெருவுக்குக் கம்பி இழுப்பவர் ஒற்றை வீட்டுக்காக அரை மைல் இழுக்க மாட்டார். தெருவுக்கு ஒரு தட்டு வந்த காலத்திலும் இவ்வீடுகள் கொடைக்கானலையே பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு ஒன்று

சிறு தட்டுக்கு வழி செய்தது கேயூ பேண்ட். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. கோளின் ஆற்றலும் மிகுதி. ஆகவே இரண்டடித் தட்டு போதும். 1997 ஜூலையில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு 4800 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட நேரடி வீட்டு ஒளிபரப்பைத் தடைசெய்தது. அயல்நாட்டு நிறுவனங்கள் வீட்டுக்குள் நேரே இறங்கிவிடும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. 2000 நவம்பரில் அமைச்சரவை மனம் மாறியது. 2001இல் தடை நீங்கி உரிம நெறிகள் வந்தன. 2003 அக்டோபரில் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாத டி.டி. டைரக்ட் பிளஸ், 2006இல் டாடா ஸ்கை, 2007-08 காலத்தில் சன் டைரக்ட் என்று வரிசையாக வந்தன. தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006இல் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டியைக் கொடுத்திருந்தது. பெட்டி வந்துவிட்டது, கம்பி வரவில்லை என்ற நிலையில் இருந்த காட்டு வீட்டுக்குத் தட்டு ஒரு விடுதலையாகவே வந்தது. இதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

தட்டைப் பொருத்தும் வேலை பார்ப்பதற்கு எளிது. பொருத்துபவர் முதலில் கவனிப்பது கம்பத்தைத்தான். கம்பம் தூக்குநூல் பிடித்தாற்போல நிமிர்ந்து நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் தட்டின் முதுகில் பொறித்திருக்கும் அளவுகோல் பொய் சொல்லும். காங்கிரீட்டில் துளையிட்டு ஆங்கர் போல்ட் இறக்கிய பின் ஏற்றக்கோணம் வைக்கப்படும். திருச்செங்கோட்டிலிருந்து 93.5 பாகைக் கோளுக்கு ஏற்றம் 67 பாகையைச் சற்றுத் தாண்டும். தில்லியில் அதே கோளுக்கு 52 பாகைதான். நாம் நிலநடுக்கோட்டை அண்டி வாழ்வதால் கோள் நமக்கு உச்சிக்கு நெருக்கமாக நிற்கிறது. அதனால் ஒரு நன்மை: அடுத்த வீட்டுச் சுவரோ, ஊரின் மலையோகூடப் பெரும்பாலும் மறைப்பதில்லை, அருகிலேயே நிற்கும் தென்னைதான் மறைக்கும். தட்டின் முகம் காட்டும் திசையை அப்படியே நம்பவும் கூடாது. இவ்வகைத் தட்டுகளில் அலை வந்து விழுவது, முகம் பார்க்கும் இடத்துக்கு இருபது பாகைக்கும் மேலான உயரத்திலிருந்து.

அடுத்தது திசைக்கோணம், வடக்கிலிருந்து வலமாக 125 பாகை. திசைகாட்டி வைத்துப் பார்ப்பார்கள். பக்கத்தில் தகரக் கூரையோ முறுக்குக் கம்பியோ இருந்தால் முள் தடுமாறும். பின்னர் தட்டின் முன் நீட்டிய கையில் இருக்கும் எல்.என்.பி.யைத் தன் அச்சிலேயே திருக வேண்டும். கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வுத் தளம் நமக்குச் சாய்ந்து தெரிவதால் இந்தத் திருகல். தில்லியில் அது 27 பாகை அளவு, இங்கே 53. ஆழ்துளை எந்திரத்தோடு வடக்கே போகும் நம்மூர்க்காரர் நாக்பூரில் ஓர் அறை எடுத்து இதே தட்டை வைத்தாலும் தமிழ் அலைவரிசைகள் கிடைக்கும். ஏற்றம் 60, திசை 144 என்று மாற்றி, திருகலையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சோதனை இதற்குப் பிறகு. எல்.என்.பி. கோளின் அலையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்சு வரையிலான தாழ்ந்த அலையாக மாற்றிக் கம்பியில் அனுப்புகிறது. அதே கம்பியில் பெட்டியிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் மேலே ஏறுகிறது. திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று வலிமை, மற்றொன்று தரம். வலிமை பாதிக்கு மேல் ஏறித் தரம் சுழியமாகவே நிற்பது புதியவர்களைக் குழப்பும். ஏதோ ஓர் அலை தட்டில் விழுகிறது, நாம் தேடும் கோள் அது அன்று என்பதே அதன் பொருள். தரம் ஏறினால்தான் சரியான கோள். பழைய அனலாக் காலத்தில் பனிமூட்டத்திலிருந்து படம் மெல்ல எழும்; திருப்புகிற கைக்கு அது வழிகாட்டும். டிஜிட்டலில் அரைப்படம் கிடையாது. ஒரு மயிரிழை திருப்பிவிட்டுப் பெட்டி பிடித்துக்கொள்ளும்வரை சில நொடிகள் காத்திருக்க வேண்டும். மாடியிலிருந்து "வந்துருச்சுங்களா?" என்ற குரலும், கீழேயிருந்து "இன்னும் இல்லீங்கோ" என்ற மறுமொழியும் மாறி மாறிக் கேட்கும்.

வேலையின் நேர்மை தெரியும் இடம் இதற்கும் அடுத்தது. படம் வந்தவுடன் நட்டை முடுக்கிவிட்டு இறங்குபவர் உண்டு. இருபுறமும் சிறிது திருப்பிப் பார்த்து, தரம் உச்சத்தில் நிற்கும் இடத்தைக் கண்டு, முடுக்கும்போது தட்டு நகர்ந்துவிட்டதா என்று மறுபடி சோதித்து, கம்பி பெட்டிக்குள் நுழையுமுன் மழைநீர் சொட்டிப்போகத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு இறங்குபவரும் உண்டு. வெயில் நாளில் இரு வீட்டுப் படத்துக்கும் வேறுபாடே இராது. கேயூ அலை மழையில் தேயும். சித்திரை வைகாசியில் கோடை மழை இறங்கும் மாலையிலும், ஐப்பசி அடைமழையிலும் எந்த வீட்டில் படம் உறைகிறது என்பதைக் கொண்டு எவர் வேலை பார்த்தார் என்று சொல்லிவிடலாம்.

இரண்டு பாகை

இந்த வேலை முழுவதையும் மீண்டும் செய்ய வைத்த ஒரு நிகழ்ச்சி 2010இல் நேர்ந்தது. 2007 மார்ச்சில் ஏவப்பட்ட இன்சாட்-4பி கோள் 93.5 பாகையில் நின்று சன் டைரக்டின் ஒளிபரப்பைத் தாங்கிக்கொண்டிருந்தது. 2010 ஜூலை 7 அன்று அதன் இரு சூரியத் தகடுகளுள் ஒன்றின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, 24 அலைபரப்பிகளுள் பாதி நிறுத்தப்பட்டன. சன் டைரக்ட் 91.5 பாகையில் நின்ற மலேசியக் கோளான மீசாட்-3க்கு இடம் மாறியது.

இரண்டு பாகை என்பது காகிதத்தில் சிறிது. திருச்செங்கோட்டு மாடியில் அது ஏற்றத்தில் ஏறத்தாழ இரண்டு பாகை, திசையில் நான்கு பாகை. இரண்டடித் தட்டு வானத்தில் காணும் வட்டமே மூன்று பாகை அகலந்தான். அதன் நடுவிலிருந்து இரண்டு பாகை விலகினால் கோள் பார்வையை விட்டுப் போய்விடும். ஆகவே மாடி மாடியாக, தோட்டம் தோட்டமாக, யாரேனும் ஏறி இரண்டு நட்டுகளைத் தளர்த்தித் திருப்ப வேண்டியதாயிற்று. 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தகடு பழுதானதன் சுமை கடைசியில் ஸ்பேனர் பிடித்த கைகளில் வந்து இறங்கியது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 91.5 பாகை மலேசியத் தமிழர்களுக்குப் பழகிய இடம். ஈழத்தமிழ் வழிவந்த ஆனந்த கிருஷ்ணன் நிறுவிய மீசாட் கோள்களும் ஆஸ்ட்ரோ சேவையும் 1996 முதல் அங்கிருந்துதான் ஒளிபரப்புகின்றன. சன் டைரக்டில் ஆஸ்ட்ரோவுக்கும் அப்போது பங்கு இருந்தது. கோலாலம்பூரில் தமிழர் வீட்டுத் தட்டு மேற்கைப் பார்க்க, நம் தட்டு தென்கிழக்கைப் பார்க்க, இரண்டும் வங்கக் கடலுக்கும் தெற்கே ஒரே புள்ளியில் சந்தித்தன. இரு வீட்டாரும் அதை அறிந்திருக்கத் தேவை இருக்கவில்லை.

அறியத் தேவையில்லாமல் போனதுதான் இவ்வரலாற்றின் சாரம் என்று கருதுகிறேன். ஹோவர்டும் பர்க்கிலும் தட்டைத் திருப்பியபோது எது கிடைக்கும் என்பது வானத்தைப் பொறுத்திருந்தது. தெருத்தட்டுக் காலத்தில் அது கேபிள்காரரைப் பொறுத்திருந்தது. ஆனால் அவர் நாம் சண்டைபோடக்கூடிய தூரத்தில் இருந்தார். வீட்டுத்தட்டு நம் கூரையில், நம் காசில் நிற்கிறது. அதன் திசை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தட்டுக்குக் கட்சி இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கிருக்கும் கோளின் அலை அதில் விழும். பூட்டு பெட்டியில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பெட்டி பிறிதொன்றின் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு உரிம நெறிகளே கூறின. நடைமுறையில் நிறுவனம் மாறியவர் பெட்டியையும் மாற்றினார். பழைய தட்டு மாடியிலேயே கிடந்தது.

2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது சிலர் கம்பிக்குத் திரும்பினார்கள். பின்னர் இணையம் வந்தது. துருப்பிடித்த தட்டுகள் பலவற்றை இன்று எவரும் கழற்றவுமில்லை. ஆயினும் கம்பி போகாத காட்டு வீடுகளில் தட்டு இன்னும் வேலை பார்க்கிறது. அவற்றுள் கட்டணமில்லாத் தூர்தர்ஷன் சேவையைப் பிடிக்கும் தட்டுகளும் உண்டு, டி.டி. ஃப்ரீ டிஷ் என்று பெயர் மாறிய அது அதே 93.5 பாகையில்தான் இருக்கிறது. திசையும் அளவும் தெரிந்த எவரும், மாதக் கட்டணம் ஏதுமின்றி, ஒரு ஸ்பேனரோடு மாடியேறி அதைத் தாமே பிடித்துக்கொள்ளலாம். ஏற்றம் 67, திசை 125, திருகல் 53. இந்த மூன்று எண்களையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, கணக்குப் போடவைத்து, மாடிக்கு அழைத்துப்போய்த் திருப்பிப் பார்க்கச் சொன்னால், தலைக்குமேல் இருக்கும் வானம் யாருடையது என்ற கேள்வி அவர்களுக்குத் தானாகவே எழும்.